காலரா ஊசியை முதலில் தன் உடம்பில் போட்டவர்!

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கத்துத் தாய்மார்கள் கைக்குழந்தையுடன் சுகாதார நிலையத்துக்குப் போகிறார்கள். 6, 10, 14-வது வாரங்களில் நர்சு குழந்தையின் வாயில் சொட்டு மருந்து விடுகிறார். ரோட்டா கிருமியால் வரும் கடும் பேதியில் இருந்து குழந்தையைக் காக்கும் மருந்து அது. தமிழ்நாட்டில் 2017-ல் வந்தது.

தாய்மார்கள் நம்பிக் குழந்தையைக் கொடுக்கிறார்கள். இந்த நம்பிக்கை ஒரே நாளில் வந்தது அல்ல. வாந்திபேதி என்னும் காலராவுக்கு ஊசி கொண்டு வந்தவரை மக்கள் கல்லால் அடித்து விரட்டப் பார்த்தார்கள்!

அவர் பெயர் ஹாப்கின். 1860-ல் ஒடெசா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் வைத்தியர் அல்ல. கிருமிகளை ஆராய்ந்த விஞ்ஞானி. பாரிசில் பாஸ்டர் ஆராய்ச்சிக் கூடத்தில் நூலக உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்தார்.

காலராக் கிருமியைக் கொண்டே காலராவுக்குத் தடுப்பு மருந்து செய்தார். 1892 ஜூலை 18-ந் தேதி அதைத் தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். காய்ச்சல் வந்தது. பிழைத்துக்கொண்டார்.

கல்கத்தாவில்

1893-ல் கல்கத்தா வந்தார். ஊசி என்றதும் மக்கள் பயந்தார்கள். கல் வீசினார்கள். அவர் ஓடவில்லை. எல்லோரும் பார்க்கத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டார். உடன் இருந்த இந்திய டாக்டர்களும் போட்டுக்கொண்டார்கள். அதைப் பார்த்த பிறகே ஜனங்கள் கை நீட்டினார்கள். சுமார் இரண்டு ஆண்டில் 40 ஆயிரம் பேருக்கு மேல் ஊசி போட்டார்.

வீண் பழி

பிறகு பம்பாயில் பிளேக் நோய்க்கும் மருந்து கண்டார். 1897-ல் அதையும் முதலில் தனக்கே போட்டுக்கொண்டார்.

1902-ல் பஞ்சாப் கிராமம் ஒன்றில் பிளேக் ஊசி போட்டவர்களில் 19 பேர் இறந்தார்கள். எல்லோருக்கும் ஒரே புட்டியின் மருந்து! பழி ஹாப்கின் மேல் விழுந்தது. வேலையில் இருந்து நிறுத்தினார்கள்.

உண்மை என்ன? புட்டியைத் திறந்த இடுக்கி தரையில் விழுந்திருந்தது. அதைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை. மருந்தில் குற்றம் இல்லை. மலேரியா ஆராய்ச்சியால் புகழ்பெற்ற ரொனால்டு ராஸ் அவருக்காக வாதாடினார். 1907-ல் பழி நீங்கியது.

1925-ல் பம்பாய் ஆராய்ச்சிக் கூடத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 1930-ல் சுவிட்சர்லாந்தில் காலமானார்.

பிறர் குழந்தைக்குக் கொடுக்கும் முன் தன் உயிரைப் பணயம் வைத்தவர் அவர். வாரக் கணக்கை மறக்காமல் குழந்தையைத் தூக்கிச் செல்வதே நாம் அவருக்குச் செலுத்தும் நன்றி.