ரெயிலில் பாடிய சுந்தராம்பாள்

திருக்கோவிலூர்ப் பக்கத்து மக்களுக்குப் பாரி மகளிர் கதையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தகப்பனை இழந்து நின்ற அங்கவை, சங்கவை இருவருக்கும் அவ்வையார் முன்னின்று கலியாணம் நடத்தி வைத்த ஊர் அது என்பார்கள். அந்த அவ்வையார் எப்படி இருப்பார்? கள்ளக்குறிச்சி வட்டாரத்துப் பெரியவர்களைக் கேட்டால் ஒரே முகத்தைத்தான் சொல்வார்கள். நரைத்த தலை, நெற்றி நிறைய விபூதி, கையில் கோல். அது கே.பி.சுந்தராம்பாளின் முகம்.

அந்த முகத்துக்குப் பின்னால் இருந்த துயரம் பலருக்குத் தெரியாது.

பசி

1908-ம் ஆண்டு, காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் பிறந்தார். தாயார் பெயர் பாலாம்பாள். தகப்பனார் சீக்கிரமே காலமாகிவிட்டார். குடும்பத்தை வறுமை பிடித்தது. சிறுமி சுந்தராம்பாள் ரெயிலில் ஏறிப் பாடினாள். பயணிகள் சில்லறை போட்டார்கள்.

ஓடுகிற ரெயிலில் பாடுவது லேசான காரியமா? சக்கரத்தின் சத்தத்தை மீறிக் குரல் எழ வேண்டும். எழாவிட்டால் காசு விழாது. அந்தத் தொண்டைக்கு முதல் வாத்தியார் ரெயில்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

ரெயிலில் பாட்டைக் கேட்ட ஒருவர் மூலமாக, வேலு நாயர் நாடகக் கம்பெனியில் இடம் கிடைத்தது. 'நல்லதங்காள்' நாடகத்தில் மூத்த மகன் ஞானசேகரன் வேடம். பசி பொறுக்காமல் பையன் பாடி அழ வேண்டும். பசி எப்படி இருக்கும் என்று அந்தச் சிறுமிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கொட்டகையே கண் கலங்கியது.

கிட்டப்பா

அது மைக் இல்லாத காலம். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் பாட்டு கேட்க வேண்டும். அப்படிப் பாடிய ஆண்களில் முதல்வர் செங்கோட்டை கிட்டப்பா. 1926-ல் இலங்கையில் இருவரும் சந்தித்தார்கள். 1927-ல் மணந்துகொண்டார்கள். இருவரும் ஒரே மேடையில் போட்டி போட்டுப் பாடினால் ஜனங்கள் விடிய விடிய எழுந்திருக்க மாட்டார்கள்.

மேடையில் இருந்த ஒற்றுமை வீட்டில் நிலைக்கவில்லை. கிட்டப்பாவுக்கு முன்பே மனைவி உண்டு. மனத்தாங்கல் வந்தது, பிரிந்தார்கள். 1933 டிசம்பர் 2-ம் தேதி கிட்டப்பா இறந்தார். வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

அன்று வெள்ளைச் சேலை உடுத்தினார். நகைகளைக் கழற்றினார். இனி எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார். பாட்டையே விட்டுவிட்டு வீட்டில் முடங்கினார். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி முதலானவர்கள்தான் அவரைத் தேசியக் கூட்டங்களில் பாட அழைத்து வந்தார்கள்.

பிறகு 'நந்தனார்' படத்துக்குக் கேட்டு வந்தார்கள். வந்தவர்கள் திரும்பிப் போகட்டும் என்றே ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்பார்கள். அவர்களோ சம்மதித்துவிட்டார்கள்! 1935-ல் படம் வெளிவந்தது. அதில் அவர் ஏற்றது ஆண் வேடம், நந்தனாராகவே. சபதமும் பிழைத்தது, பாட்டும் பிழைத்தது.

1953

ஜெமினி வாசன் எடுத்த 'அவ்வையார்' 1953-ல் வந்தது. அதே ஆண்டில் கடல் கடந்த ஸ்காட்லாந்தில் இன்னொரு பெண்ணின் குரலையும் உலகம் கண்டுகொண்டது. அவர் பெயர் ஜீன்னி ராபர்ட்சன். அபர்டீன் நகரத்துக்காரர். ஊர் ஊராகச் சுற்றிப் பிழைக்கும் கூட்டத்தில், அவரும் 1908-ல்தான் பிறந்தார்! தாயாரிடம் கேட்டுப் பழகிய பழைய கதைப் பாட்டுகள் அவரிடம் ஏராளம். நம் கிராமத்துத் தாலாட்டும் ஒப்பாரியும்போல அவை வாய்வழி வந்தவை. பாட்டுகளைத் தேடி அலைந்த ஹேமிஷ் ஹெண்டர்சன் என்ற அறிஞர் அவரைக் கண்டுபிடித்துப் பதிவு செய்தார். 1968-ல் பிரிட்டிஷ் அரசு விருது கொடுத்தது. 1975-ல் ஜீன்னி காலமானார்.

நம் சுந்தராம்பாளுக்கு 1970-ல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. அதற்கு முன்பே 'பூம்புகார்' படத்தில் கவுந்தி அடிகளாகவும், 1965-ல் 'திருவிளையாடல்' படத்தில் மீண்டும் அவ்வையாராகவும் வந்துவிட்டார். சட்ட மேலவையிலும் உறுப்பினராக இருந்தார். அங்கே போகும்போதும் அதே வெள்ளைச் சேலைதான்.

1980-ல் அவர் மறைந்தார். கிட்டப்பா போய் அப்போது ஏறக்குறைய 47 ஆண்டுகள் ஆகியிருந்தன.