நோட்டுப் புத்தகத்தால் உலகை வென்றவர்!

மிகைல் போத்வின்னிக், ரஷிய நாட்டுச் சதுரங்க வீரர். மூன்று முறை உலக சாம்பியன் பட்டம் பெற்றவர். தொழிலிலோ மின்சார எஞ்சினீயர்! கம்ப்யூட்டருக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுக்க வாழ்நாளின் பிற்பகுதி முழுவதும் பாடுபட்டவரும் இவரே.

14 வயதில்

1911-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி, செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு அருகே போத்வின்னிக் பிறந்தார். தாயார் பல் டாக்டர். தந்தை செயற்கைப் பல் செய்பவர்.

12 வயதில்தான் சதுரங்கம் கற்றார். இரண்டே ஆண்டில் ஓர் அதிசயம் நடந்தது. அப்போதைய உலக சாம்பியனான காபபிளாங்கா, 1925-ல் லெனின்கிராடு வந்து, ஒரே நேரத்தில் பல பேருடன் ஆடினார். அன்று அவரைத் தோற்கடித்தவர்களில் ஒருவன் 14 வயதுச் சிறுவன் போத்வின்னிக்!

வீட்டில் நடந்த ஆட்டம்

சதுரங்கத்தில் முதல் ஆட்டக்காரருக்கு 20 வழி. எதிரிக்கும் 20 வழி. இருவரும் இரண்டிரண்டு முறை காய் நகர்த்தினால், 1 லட்சத்து 97 ஆயிரத்து 281 வழிகள் உண்டாகிவிடும்! பலகை முன் உட்கார்ந்த பிறகு இத்தனையையும் யோசிக்க நேரம் ஏது?

ஆகவே, தொடக்க ஆட்டத்தைப் போத்வின்னிக் வீட்டிலேயே ஆராய்ந்தார். எந்த நகர்த்தலுக்கு எது பதில் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். எழுதியதை நண்பர்களோடு ரகசியமாக ஆடிப் பார்த்தார். புகை பிடிக்காத அவர், முகத்தில் சிகரெட் புகையை ஊதச் சொல்லிக்கூடப் பயிற்சி செய்தார். போட்டியில் எதிரி புகை விட்டாலும் கவனம் சிதறக்கூடாது அல்லவா!

இந்த உழைப்பு வீண் போகவில்லை. 1935-ல் மாஸ்கோ போட்டி. எதிரில் ஆஸ்திரியாவின் ஸ்பீல்மான். 'காரோ-கான்' என்ற தொடக்க ஆட்டம். ஸ்பீல்மானின் ராணி ஒரு சிப்பாயை வெட்ட ஆசைப்பட்டு உள்ளே போனது. வெளியே வர வழியில்லாமல் சிக்கிக்கொண்டது. 12 நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது!

1948-ல் போத்வின்னிக் உலக சாம்பியன் ஆனார். 1957-ல் ஸ்மிஸ்லோவிடம் பட்டத்தை இழந்தார். மறு ஆண்டே, அதே காரோ-கான் ஆட்டத்தைக் கறுப்புக் காய்களுக்குத் துணையாகக் கொண்டு, பட்டத்தை மீட்டார். 1960-ல் 23 வயது இளைஞர் தாலிடம் மீண்டும் தோல்வி. 1961-ல் மீண்டும் வெற்றி! கடைசியாக 1963-ல் பெத்ரோசியானிடம் பட்டத்தைப் பறிகொடுத்தார்.

எந்திரத்துக்குப் பாடம்

1970-ல் போட்டிகளுக்கு முழுக்குப் போட்ட போத்வின்னிக், கம்ப்யூட்டர் பக்கம் முழு மனத்தோடு திரும்பினார்.

சதுரங்கம் ஆடும் கம்ப்யூட்டர்களுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. 'தொடக்க ஆட்டப் புத்தகம்' என்று அதற்குப் பெயர். இந்த நிலைக்கு இந்தப் பதில் என்று மனிதர்கள் எழுதிய பட்டியலை எந்திரத்தின் நினைவில் ஏற்றிவிடுவார்கள். ஆட்டம் அந்தப் பட்டியலுக்குள் இருக்கும்வரை எந்திரம் யோசிப்பதில்லை. எழுதியதைப் பார்த்து உடனே காயை நகர்த்தும். நேரம் மிச்சம், ஆரம்பத்திலேயே ஏமாறும் பயமும் குறைவு.

ஆனால், புத்தகத்தில் ஒரு பிழை இருந்தால் எந்திரம் அதையும் அப்படியே ஆடும்! திருத்தாவிட்டால் மறுபடியும் அதே பள்ளத்தில் விழும். பட்டியல் முடிந்த பிறகோ சொந்த பலத்தில்தான் ஆடவேண்டும்.

அந்த இடத்தில்தான் போத்வின்னிக் கவனம் வைத்தார். மற்றவர்களின் எந்திரங்கள் லட்சக்கணக்கான வழிகளைக் கண்மூடித்தனமாக எண்ணிப் பார்த்தன. நல்ல ஆட்டக்காரன் அப்படியா செய்கிறான்? முதலில் ஒரு குறிக்கோளை வைத்துக்கொள்கிறான். அதற்கு உதவும் சில வழிகளை மட்டும் பார்க்கிறான். எந்திரமும் அப்படியே யோசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். 'முன்னோடி' என்று பொருள்படும் 'பயனியர்' என்ற பெயரில் திட்டம் வகுத்தார்.

ஆண்டுகள் ஓடின. சதுரங்கப் புதிர்களைப் பயனியர் விடுவித்தது. மின் நிலையங்களைப் பழுது பார்க்கத் திட்டம் போடவும் அதன் முறை பயன்பட்டது. ஆனால், போட்டியில் ஒரு முழு ஆட்டம் ஆடும் நிலையை அது எட்டவே இல்லை! 1974-ல் ஸ்டாக்ஹோமில் முதல் உலகக் கம்ப்யூட்டர் சதுரங்கப் போட்டி நடந்தது. நான்கு ஆட்டத்திலும் வென்று முதலிடம் பெற்றது, ரஷியாவிலேயே வேறு நிபுணர்கள் உருவாக்கிய 'கைசா'.

1995 மே 5-ந் தேதி, தம் கனவு நிறைவேறாமலே போத்வின்னிக் மாஸ்கோவில் காலமானார்.

சீடருக்கு வந்த சோதனை

அவரது பள்ளியில் பயின்ற கார்ப்போவ், காஸ்பரோவ், கிராம்னிக் மூவரும் உலக சாம்பியன் ஆனவர்கள். காஸ்பரோவ் 10 வயதில் அவரிடம் வந்து சேர்ந்தவர்.

1997 மே 11. நியூயார்க் நகரம். காஸ்பரோவுக்கும் ஐ.பி.எம். நிறுவனத்தின் 'டீப் புளூ' கம்ப்யூட்டருக்கும் கடைசி ஆட்டம். அதுவரை இருவரும் சமம். வினாடிக்கு 20 கோடி நிலைகளை எண்ணிப் பார்க்கக்கூடிய எந்திரம் அது!

காஸ்பரோவ் எடுத்தது, குருநாதருக்குக் கைகொடுத்த அதே காரோ-கான். ஏழாவது நகர்த்தலில் ஒரு சிப்பாயை அவசரப்பட்டுத் தள்ளினார். உடனே டீப் புளூ தன் குதிரையைப் பலி கொடுத்துக் கோட்டையை உடைத்தது. 19 நகர்த்தலில் உலக சாம்பியன் தோற்றார்!

அந்தக் குதிரைப் பலி எந்திரம் யோசித்துக் கண்டதல்ல. அதன் புத்தகத்தில் இருந்தது! ஜோயல் பெஞ்சமின் முதலிய கிராண்ட்மாஸ்டர்கள் உட்கார்ந்து, சுமார் 4 ஆயிரம் நிலைகளுக்குக் கையாலேயே எழுதித் தந்த புத்தகம் அது. போத்வின்னிக் வீட்டில் தமக்காகச் செய்த வேலையை, அவர்கள் எந்திரத்துக்காகச் செய்திருந்தார்கள்.

இன்று கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் மோதும் பெரிய போட்டியில் ஒரு புதுமுறை இருக்கிறது. தொடக்க ஆட்டத்தைப் போட்டி நடத்துபவர்களே தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறார்கள். அதே தொடக்கத்தை இரண்டும் நிறம் மாற்றி இரண்டு முறை ஆடவேண்டும். யாருடைய புத்தகம் பெரிது என்ற போட்டிக்கு அங்கே இடமில்லை. புத்தகம் முடிந்த பிறகு எந்திரம் என்ன செய்யும் என்பதே கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் போத்வின்னிக் தம் கடைசி 25 ஆண்டுகளைச் செலவிட்டார்.