சர் அசுதோஷும் ஒரு செனட் கூட்டமும்

பல்கலைக்கழக ஆட்சிக்குழு கூடுகிறது என்றால் படிக்கிற காலத்தில் நமக்கெல்லாம் இரண்டே கவலைதான். பரீட்சைக் கட்டணத்தை ஏற்றிவிடுவார்களா? அரியர் வைத்திருக்கிறவர்களுக்கு இன்னொரு சான்ஸ் கொடுப்பார்களா? செனட், சிண்டிகேட், அகாடமிக் கவுன்சில் எல்லாம் எங்கோ நம் தலைக்கு மேலே மூடிய கதவுக்குள் நடக்கிற சமாசாரம். அந்தக் கதவுக்குள்ளே ஒரு சமயம் வீரமும் இருந்திருக்கிறது என்பதை வேலை நிமித்தமாகக் கல்கத்தாவில் இரண்டு வருஷம் இருந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். 1922-ஆம் வருஷம் டிசம்பர் 2-ஆம் தேதி கல்கத்தா பல்கலைக்கழக செனட் கூடி, அரசாங்கம் நீட்டிய 2,50,000 ரூபாயை வேண்டாம் என்று சொல்லி அனுப்பியது. அப்போது ஆசிரியர்களுக்குச் சம்பளம் பாக்கி. கஜானாவில் துண்டு. அப்படியும் வேண்டாம் என்றது.

அந்தக் கூட்டத்தின் தலைமை நாற்காலியில் இருந்தவர் துணைவேந்தர் சர் அசுதோஷ் முகர்ஜி. வங்காளிகள் அவரை வங்கப் புலி என்பார்கள். படத்தைப் பார்த்தால் பெயர் பொருத்தம்தான் என்று தோன்றும். பருத்த உடம்பு, தொங்கு மீசை, எதற்கும் விட்டுக்கொடுக்காத பார்வை.

1864 ஜூன் 29-ல் பிறந்தார். அப்பா கங்கா பிரசாத் முகர்ஜி டாக்டர், பவானிப்பூரில் பிராக்டீஸ். பையனின் படிப்பில் அப்பாவுக்கு அப்படி ஒரு அக்கறை. பையனும் சும்மா சொல்லக்கூடாது, அந்த அக்கறைக்கு வட்டியோடு திருப்பிக் கொடுத்தார். எம்-1, எம்-2, எம்-3 என்று கணக்குப் பேப்பர்களில் நாம் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்த புதிதிலேயே யூக்ளிடின் ஒரு தேற்றத்துக்குப் புதிய நிரூபணம் எழுதி, இங்கிலாந்தில் வெளிவந்த கணிதப் பத்திரிகை ஒன்றில் அச்சாகிவிட்டது. 1885-ல் கணிதத்தில் எம்.ஏ., அடுத்த வருஷமே இயற்பியல் விஞ்ஞானத்தில் இன்னொரு எம்.ஏ., அதே 1886-ல் பிரேம்சந்த் ராய்சந்த் ஸ்காலர்ஷிப். கூம்பு வெட்டுகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக பிரெஞ்சுக்காரர் மோங்கே கண்ட வகைக்கெழுச் சமன்பாட்டுக்கு வடிவியல் ரீதியாக என்ன அர்த்தம் என்று விளக்கியவரும் இவரே. அப்போது வயது 25 கூட ஆகவில்லை.

கணிதப் பேராசிரியராகவே ஆகியிருக்க வேண்டியவர். கல்வித்துறை டைரக்டர் ஆல்பிரட் கிராப்ட் கூப்பிட்டு வேலை கொடுக்க முன்வந்தார். ஆனால் அந்தக் காலத்தில் ஒரே வேலைக்கு வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு ஒரு சம்பளம். சமமாகக் கொடுப்பதானால் வருகிறேன் என்றார் அசுதோஷ். அது நடக்காது என்று தெரிந்ததும் நமஸ்காரம் சொல்லிவிட்டுச் சட்டம் படிக்கப் போய்விட்டார். 1888-ல் பி.எல்., 1894-ல் சட்டத்தில் டாக்டர் பட்டம், 1904-ல் ஹைகோர்ட் ஜட்ஜ். கணிதம் ஒரு மேதையை இழந்தது என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம் பின்னால் வருகிறது.

செனட்டில் 1889-லேயே உறுப்பினராகிவிட்டார். பல்கலைக்கழகம் அப்போது எப்படி இருந்தது தெரியுமா? பெரும்பாலும் பரீட்சை நடத்திச் சான்றிதழ் கொடுக்கிற ஆபீஸ். பாடம் நடத்துவதெல்லாம் கல்லூரிகள். இதற்கு நடுவே 1904-ல் கர்சன் பிரபு ஒரு பல்கலைக்கழகச் சட்டம் கொண்டுவந்தார். நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் அதே சட்டம்தான். செனட்டில் 100 பேருக்கு மேல் கூடாது, அதில் 80 பேர் வரை வேந்தர் நியமிப்பார். பட்டதாரிகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது வெறும் 10 பேர். பல்கலைக்கழகத்தை அரசாங்கத்தின் கைக்குள் கொண்டுவரத்தான் இந்த ஏற்பாடு என்று நாடே கொதித்தது. அசுதோஷ் எதிர்த்துப் பேசினார். ஆனால் சட்டம் பாஸானதும் ஒரு நல்ல இன்ஜினீயர் ஸ்பெசிபிகேஷனைப் படிக்கிற மாதிரி வரிவரியாகப் படித்தார் என்று நினைக்கிறேன். பல்கலைக்கழகமே நேரடியாகப் பாடம் நடத்தலாம், பேராசிரியர்களை நியமிக்கலாம் என்றும் அதே சட்டத்தில் ஒரு இடத்தில் இருந்தது. கட்டிப்போட வந்த கயிற்றிலேயே ஏணி செய்துவிட்டார் மனிதர். 1906-ல் துணைவேந்தரானார். 1914 வரை அந்தப் பதவி. சம்பளம் கிடையாது. பகலெல்லாம் கோர்ட்டில் வழக்கு, மாலையில் பல்கலைக்கழகம்.

இந்தக் காலத்தில் வீட்டிலும் ஒரு போராட்டம் நடந்தது. சின்ன வயதிலேயே விதவையான மகள் கமலாவுக்கு 1908-ல் மறுமணம் செய்துவைத்தார். வைதீகர்கள் சும்மா இருப்பார்களா? சொந்தக்காரர்களிலும் முகம் திருப்பியவர்கள் உண்டு. அவர் அசையவில்லை.

நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியமானது அவர் கட்டிய சயன்ஸ் காலேஜ். அதற்கு அரசாங்கத்தின் பணம் வரவில்லை. வந்ததெல்லாம் இரண்டு வக்கீல்களின் பணம். 1912-ல் பாரிஸ்டர் தாரக்நாத் பாலித் ரொக்கமும் நிலமுமாகக் கொடுத்தார். 1913-ல் ராஷ்பிகாரி கோஷ் 10 லட்சம் கொடுத்தார். அன்றைய 10 லட்சம்! அந்த நாற்காலிகளில் இந்தியர்கள்தான் உட்கார வேண்டும் என்பது நிபந்தனை. 1914 மார்ச் 27-ல் அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். அதே வருஷம் ஜனவரியில் இந்தியாவின் முதல் சயன்ஸ் காங்கிரஸ் அசுதோஷ் தலைமையில் கல்கத்தாவில் கூடியது. 105 பேர் வந்தார்கள். அந்த யோசனையைக் கிளப்பிய இரண்டு ரசாயனக்காரர்களில் ஒருவர், நம் சென்னை பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் சைமன்சன்.

கட்டடம் யார் வேண்டுமானாலும் கட்டலாம். ஆள் பிடிப்பதில்தான் இருக்கிறது. திருச்சிப் பக்கத்து இளைஞர் ஒருவர் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரி. பகலில் ஆபீஸ் பைல், காலையிலும் ராத்திரியிலும் பௌபஜார் தெருவில் மகேந்திரலால் சர்க்கார் ஆரம்பித்த விஞ்ஞானச் சங்கத்தில் ஆராய்ச்சி. சி.வி.ராமன்தான், வேறு யார்? அவரைப் பாலித் பேராசிரியராக வரச் சொன்னார் அசுதோஷ். சர்க்கார் சம்பளம் மாதம் ரூ.1,100. பேராசிரியருக்கு ரூ.600. அதுமட்டுமில்லை, அந்தப் பதவிக்கு வருகிறவர் வெளிநாடு போய்ப் பயிற்சி பெற்று வரவேண்டும் என்று ஒரு விதி. ராமன் போக மாட்டேன் என்றார். இந்த மாதிரி இடத்தில் நம் ஆபீஸ்களில் என்ன நடக்கும்? பைல் திரும்பி வரும். அசுதோஷ் விதியைத் தளர்த்த வழி செய்து 1917-ல் ராமனைக் கொண்டுவந்தார். ஒரு வருஷம் முன்னாலேயே பி.சி.ராய் ரசாயனத்துக்கு வந்துவிட்டார். சத்யேந்திரநாத் போஸ், மேகநாத் சாஹா என்று அப்போதுதான் எம்.எஸ்ஸி. முடித்த இரண்டு பையன்களையும் விரிவுரையாளர்களாக எடுத்திருந்தார்கள். 1921-ல் மைசூரிலிருந்து ராதாகிருஷ்ணன் தத்துவத்துக்கு வந்தார். கணிதம் இழந்த மேதை எங்கே போனார் என்று இப்போது புரிகிறதா?

1917-ல் முதுகலைப் படிப்பு முழுவதையும் பல்கலைக்கழகமே ஏற்று நடத்த ஆரம்பித்தது. அதற்கான பணம்? பெரும்பகுதி பரீட்சைக் கட்டணம்தான். மெட்ரிகுலேஷன் எழுதுகிற ஆயிரக்கணக்கான பையன்கள் கட்டுகிற பணத்தில் எம்.ஏ., எம்.எஸ்ஸி. வகுப்புகள் ஓடின. இந்த ஏற்பாடு பரீட்சைக்கு வருகிற கூட்டம் குறையாதவரை சரி. 1921-ல் ஒத்துழையாமை இயக்கம் வந்து பையன்கள் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தபோது வருமானம் படுத்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்துத்தான் அசுதோஷ் இரண்டாம் முறை துணைவேந்தர். எதிரிகளும் குறைவில்லை. இத்தனை துறை எதற்கு, கணக்கு வழக்கில் ஒழுங்கில்லை, பாஸ் பண்ணுகிறவர்கள் அதிகம், தரம் குறைகிறது என்று ராமானந்த சட்டர்ஜியின் மாடர்ன் ரிவியூ விளாசியது. சரித்திர அறிஞர் ஜதுநாத் சர்க்காரும் அந்தப் பக்கம். எல்லாமே பொறாமைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. வரவு வரும் என்று நம்பிச் செலவைப் பெருக்கியது உண்மைதான்.

பல்கலைக்கழகம் அரசாங்கத்திடம் உதவி கேட்டது. இரட்டையாட்சி முறையில் கல்வி அப்போது இந்திய மந்திரி கையில், பிரவாஸ் சந்திர மித்தர் என்பவரிடம் இருந்தது. 2,50,000 தருகிறோம் என்று பதில் வந்தது. கூடவே நிபந்தனைகள். புதிதாகச் செலவு வைக்கிற எந்த விரிவாக்கமும் கூடாது. பட்ஜெட்டை அரசு சொல்கிறபடி போட்டுக் காட்ட வேண்டும். மாதாமாதம் வரவு செலவுப் பட்டியல் அனுப்ப வேண்டும்.

கணக்குக் கேட்பது தப்பா? பொதுப் பணம் கொடுக்கிறவன் கேட்கத்தான் செய்வான். நான் ஒரு கம்பெனியில் பில் பாஸ் பண்ணுகிறவன், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் புதிதாக எதையும் ஆரம்பிக்காதே என்பது வேறு. அது கணக்குப் பார்க்கிற வேலை இல்லை, கடிவாளம் போடுகிற வேலை. இந்த நிபந்தனை பத்து வருஷம் முன்னால் இருந்திருந்தால் சயன்ஸ் காலேஜே இல்லை. ராமன் ஓய்வு பெறும்வரை கணக்காயர் ஆபீஸில் இருந்திருப்பார்.

டிசம்பர் 2-ஆம் தேதி அசுதோஷ் பேசியது நீண்ட பேச்சு. அதன் சாரம் இவ்வளவுதான். ஒரு கையில் அடிமைத்தனம், இன்னொரு கையில் பணம் என்று நீட்டினால் அந்தப் பணம் தேவையில்லை. வங்காளத்தில் வீடு வீடாகப் போய்ப் பிச்சை கேட்போம். நம் முதுகலை ஆசிரியர்கள் பட்டினி கிடந்தாலும் கிடப்பார்களே தவிர சுதந்திரத்தை விற்க மாட்டார்கள். செனட் நிபந்தனைகளை ஏற்க மறுத்தது.

இந்த இடத்தில் 80-க்கு 20 கணக்கை மறுபடி நினைத்துப் பாருங்கள். அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வேந்தர் நியமித்தவர்கள். வேந்தர் யார்? அந்த வங்காள அரசாங்கத்தின் கவர்னர்தான். யார் நியமித்தாரோ அவர் தந்த பணத்தையே வேண்டாம் என்று சொன்னார்கள்.

ஆனாலும் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அசுதோஷுக்கு ஹைகோர்ட் சம்பளம் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. பட்டினி கிடக்கப் போவது அவர் இல்லை. பாக்கிச் சம்பளத்துக்குக் காத்திருந்த விரிவுரையாளர் வீட்டில் அன்று ராத்திரி என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்? போஸ் 1921-லேயே டாக்காவுக்குப் போய்விட்டார். சாஹா 1923-ல் அலகாபாத்துக்குப் போனார். பணம் இல்லாத பல்கலைக்கழகம் ஆட்களை இழக்கும் என்பதும் நடந்ததுதான். இதெல்லாம் அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் அந்தப் பக்கம் நின்றார்.

அடுத்த காட்சி 1923 மார்ச். இரண்டாம் முறைப் பதவிக்காலம் முடிகிறது. வேந்தர் லிட்டன் பிரபு கடிதம் எழுதினார். மறுபடியும் துணைவேந்தராக நியமிக்கத் தயார், ஆனால் இனிமேல் அரசாங்கத்தை எதிர்க்காமல் ஒத்துழைப்பேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சுருக்கம். இரண்டே நாளில் பதில் போனது. மானத்தோடு இருக்கிற எவனும் இப்படி ஒரு பதவியை ஏற்க மாட்டான் என்ற தோரணையில், பதவியை மறுத்து. அந்தக் கடிதங்கள் பத்திரிகைகளில் வெளியானபோது கல்கத்தாவே பரபரத்தது. புலி என்கிற பட்டம் அப்போதுதான் ஊரெல்லாம் நிலைத்தது என்பார்கள்.

அந்த வருஷக் கடைசியில் கோர்ட்டிலிருந்தும் ஓய்வு பெற்றார். ஓய்வு என்று பெயர்தானே ஒழிய சும்மா இருக்கவில்லை. டும்ராவ் சமஸ்தான வழக்குக்காகப் பாட்னா போயிருந்த இடத்தில் உடம்புக்கு முடியாமல் போய், 1924 மே 25-ல் காலமானார். வயது 60 நிறைய ஒரு மாதம் இருந்தது. உடலை ரயிலில் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார்கள். அவருடைய மகன் சியாமபிரசாத் பத்து வருஷம் கழித்து அதே நாற்காலியில் துணைவேந்தராக உட்கார்ந்தார். வீடு நிறைய வைத்திருந்த 80,000-க்கும் மேற்பட்ட புத்தகங்களைக் குடும்பத்தார் தேசிய நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ராமன் விளைவைக் கண்டுபிடித்த 1928 பிப்ரவரி 28-ல் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட அசுதோஷ் இல்லை.

அந்தக் கூட்டம் நடந்த செனட் ஹவுஸைப் பார்க்கலாமே என்று ஒரு சனிக்கிழமை காலேஜ் ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். பெரிய தூண்களும் அகலப் படிக்கட்டுமாகப் பழைய படங்களில் பார்த்திருந்தேன். இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் நடந்தும் கண்ணில் படவில்லை. பிளாட்பாரத்தில் பழைய இன்ஜினீயரிங் புத்தகங்கள் விற்றுக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். அவர் எதிரே இருந்த உயரமான கான்கிரீட் கட்டடத்தைக் காட்டி, அதை 1960-லேயே இடித்துவிட்டார்களே என்றார். அவரிடம் ஒரு பழைய தெர்மோடைனமிக்ஸ் புத்தகம் பேரம் பேசி வாங்கிக்கொண்டு டிராம் ஏறினேன்.