பெயரில்லாத முகங்களும் பொகவந்தலாவைக் கல்லறையும்

ஹட்டன் நகரிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவையை நோக்கிச் செல்லும் பாதை நம்மில் பலருக்கும் பழக்கமானது. இருமருங்கும் தேயிலை மலைகள் பசுமை விரித்திருக்கும். இந்துக்கள் சிவனொளிபாதமலை என்றும் முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்றும் போற்றும் சிகரம் மேகம் விலகும்போது தொலைவில் தலைகாட்டும். அப்பாதையின் முடிவில், பொகவந்தலாவையில், புனித மரியாள் பெயர் கொண்ட பழைய அங்கிலிக்கன் தேவாலயம் ஒன்று உள்ளது. அதன் வளவில் ஒரு கணவனும் மனைவியும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். தேவாலயத்தைக் கடந்து நாள்தோறும் வேலைக்குச் செல்வோரில் எத்தனை பேர் அக்கல்லறைக்குரியவர்களை அறிவர் என்பது ஐயமே. உலகப் புகைப்படக் கலை வரலாற்றில் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படும் ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையாரும், இலங்கையின் ஆட்சிமுறையையே மாற்றியமைத்த ஆணைக்குழுவின் உறுப்பினரான சார்ள்ஸ் ஹே கமரனுமே அவர்கள்.

ஜூலியா 1815 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11 ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்தவர். தந்தை கிழக்கிந்தியக் கம்பனியின் அதிகாரி. தாய் பிரெஞ்சுப் பிரபு குடும்ப வழியினர். கல்வி பயின்றது பிரான்சில். 1836 இல் உடல்நலம் தேறும்பொருட்டு நன்னம்பிக்கை முனைக்குச் சென்றிருந்தபோது இருவரது அறிமுகம் அவருக்குக் கிடைத்தது. ஒருவர் வானியல் அறிஞர் சேர் ஜோன் ஹேர்ஷல். மற்றவர் தம்மைவிட இருபது வயது மூத்தவரான சார்ள்ஸ் கமரன். கமரனை 1838 இல் கல்கத்தாவில் மணந்தார். ஹேர்ஷலோ வாழ்நாள் நண்பரானார். புகைப்படம் என்ற புதுமை உலகில் தோன்றிய தொடக்க ஆண்டுகளிலேயே அதன் மாதிரிகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பி வைத்தவர் அவர்தாம். அந்த நட்பு விதைத்த விதை முளைப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கணவர் கமரனை நமது பாடநூல்கள் கோல்புறூக் - கமரன் சீர்திருத்தத்தின் வாயிலாக அறிமுகப்படுத்தியிருக்கின்றன. 1830 இல் இலங்கை வந்த அவர் இந்நாட்டின் நீதிமுறையை ஆராய்ந்தார். அவரும் கோல்புறூக்கும் சமர்ப்பித்த அறிக்கைகளின் பேரில் இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டது, சட்டவாக்கக் கழகம் 1833 இல் அமைந்தது, நீதிமன்றங்கள் திருத்தியமைக்கப்பட்டன. கட்டாய ஊழியம் நீங்கியது நன்மையே. ஆயினும் அதே சீர்திருத்தம் நிலத்தையும் உழைப்பையும் விலைகூறும் பொருளாக்கி, பெருந்தோட்டத்துக்கு வழி திறந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. கண்டிச் சிங்களக் குடியானவர் தோட்டங்களில் நிரந்தரக் கூலியாக உழைக்க விரும்பாதபோது, கோப்பித் தோட்டங்களை உருவாக்கத் தமிழகத்தின் திருச்சி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து நம் மூதாதையர் கொண்டுவரப்பட்டனர். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்து, வழியிலேயே மாண்டு போனோர் எத்தனையோ பேர். கமரனும் இத்தீவின் அழகில் மனம் பறிகொடுத்து, மலைநாட்டில் நிலம் வாங்கிக் கோப்பித் தோட்ட உரிமையாளரானார்.

1848 இல் குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பியது. 1860 இல் வைட் தீவின் பிரெஷ்வோட்டர் என்னும் ஊரில், கவிஞர் டெனிசனின் இல்லத்துக்கு அருகில் வீடு வாங்கிக் குடியேறினர். அவ்வீட்டுக்கு அவர்கள் இட்ட பெயர் டிம்போலா. நமது திம்புள்ளைப் பள்ளத்தாக்கின் பெயரே அது. ஆங்கிலக் கடற்கரையில் நின்ற ஒரு வீட்டின் வாசலில் மலைநாட்டின் ஊர்ப்பெயர் ஒன்று எழுதப்பட்டிருந்தது என்பது இன்று எண்ணும்போதும் வியப்பளிக்கிறது.

1863 டிசெம்பரில் மகளும் மருமகனும் ஜூலியாவுக்கு ஒரு புகைப்படக் கருவியைப் பரிசளித்தனர். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. கோழிக் கூண்டாக இருந்த இடத்தைப் படப்பிடிப்புக் கூடமாக்கினார். கண்ணாடித் தட்டில் கொலோடியன் பசை பூசி, வெள்ளி உப்பில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து, உடனடியாகக் கழுவ வேண்டிய கடினமான முறை அது. சில வாரங்களிலேயே, 1864 ஜனவரியில், மனநிறைவு தந்த முதல் படத்தை எடுத்தார். டார்வின், கார்லைல், டெனிசன், ஓவியர் வாட்ஸ், நண்பர் ஹேர்ஷல் எனத் தம் வட்டத்தின் பெரியோரையெல்லாம் தம் கருவியின் முன் இருத்தினார். பிற்காலத்தில் வேர்ஜினியா வூல்ப் என்ற எழுத்தாளரைப் பெற்றெடுத்த ஜூலியா ஜாக்சன் இவரது சகோதரியின் மகள். இவர் பலமுறை படமெடுத்தவர்களுள் ஒருவர்.

அக்காலத்துப் புகைப்படச் சங்கத்தார், இவரது படங்கள் துல்லியமற்றவை, கறைபட்டவை என்று குறை கூறினர். அவரோ முகத்தின் ஒவ்வொரு மயிரையும் காட்டுவதைவிட அம்முகத்துக்குள் வாழும் மனிதரைக் காட்டுவதே கலை என்று துணிந்து நின்றார். காலம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது.

பெரியோரை மட்டுமன்றித் தம் வீட்டுப் பணிப்பெண்களையும் அவர் படமெடுத்தார். மேரி ஹில்லியர் என்ற பணிப்பெண் அவரது படங்களில் அன்னை மரியாளாகத் தோன்றினார். தெருவில் தாயுடன் இரந்து நின்ற மேரி றையன் என்ற சிறுமியை வீட்டுக்கு அழைத்து வளர்த்தார். அப்பெண்ணை மணந்த ஹென்றி கொட்டன் இந்தியாவில் உயர் அதிகாரியாகப் பணியாற்றி, 1904 இல் பம்பாயில் கூடிய இந்திய தேசிய காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். ஒரு கலைஞரின் வீட்டுக் கூடத்திலிருந்து கிளைத்த உறவுகள் எவ்வளவு தூரம் சென்றன என்பதற்கு இது ஒரு சான்று.

ஆயினும் அந்த வீட்டின் விருந்துகளுக்கும் கண்ணாடித் தட்டுகளுக்கும் பணம் வந்த ஊற்றுகளில் ஒன்று இலங்கையின் கோப்பித் தோட்டம். 1869 இல் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் துரு நோய் கண்டது. விளைச்சல் குன்றக் குன்ற கமரன் குடும்பத்தின் கடன் பெருகியது. 1873 இல் அருமை மகளையும் இழந்தனர். ஆண்மக்கள் சிலர் ஏற்கனவே இலங்கையில் இருந்தனர். ஒருவர் தோட்டத்தைக் கவனித்தார். ஹார்டிஞ் என்பவர் இலங்கைக் குடியியற் சேவையில் பணியாற்றினார். எண்பது வயதுக் கணவருக்கோ இலங்கையைப் பற்றிய ஏக்கம் தீரவில்லை. எனவே 1875 ஒக்டோபரில் முதிய தம்பதியர் கப்பலேறினர். வேண்டியபோது கிடைக்குமோ என்று இரு சவப்பெட்டிகளையும் தம்முடன் எடுத்துச் சென்றனர் என்றும், துறைமுகச் சுமையாளருக்குக் கூலியாகப் புகைப்படங்களைக் கொடுத்தனர் என்றும் சொல்லப்படுகிறது.

இலங்கையில் அவர்களது வாழ்வு கடற்கரைக்கும் மலைக்கும் இடையே கழிந்தது. களுத்துறையில் மகன் ஹார்டிஞ்சின் இல்லம். மலையில் தோட்ட பங்களா. புகையிரதம் அப்போது நாவலப்பிட்டி வரைதான் வந்திருந்தது. ஹட்டனை அது எட்டியது 1884 இல்தான். ஆகவே டிக்கோயாவுக்குச் செல்வோர் எஞ்சிய தூரத்தை வண்டியிலும் குதிரையிலுமே கடக்க வேண்டியிருந்தது. அதே பாதையில் நம் மக்கள் தலைச்சுமையுடன் நடந்தனர். முஸ்லிம் வணிகரின் தவளம் மாடுகள் அதற்கு முன்பே மலைநாட்டுக்கு உப்பும் அரிசியும் ஏற்றிச் சென்று பழகியிருந்தன.

களுத்துறை இல்லத்துக்கு 1877 இன் தொடக்கத்தில் ஒரு விருந்தினர் வந்தார். உலகெங்கும் தனியே பயணம் செய்து தாவரங்களை ஓவியமாகத் தீட்டிய மரியான் நோர்த் அம்மையாரே அவர். ஒருவர் கையில் தூரிகை, மற்றவர் கையில் கருவி. இருவரும் தத்தம் கலையையே வாழ்வாகக் கொண்ட பெண்கள். ஜூலியா விருந்தினருக்குச் சால்வை போர்த்தி, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, தென்னோலைகளின் பின்னணியில் நிறுத்திப் படமெடுத்தார். பறவைகளும் வளர்ப்பு விலங்குகளும் தடையின்றி உலாவிய அவ்வீட்டைப் பற்றி நோர்த் தம் நினைவுநூலில் நகைச்சுவையுடன் எழுதியிருக்கிறார். இங்கு அவர் தீட்டியவை உட்பட எண்ணூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள், 1882 இல் இலண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் திறக்கப்பட்ட கூடத்தில் இடம்பெற்றன.

நோர்த் கூறும் செய்திகளுள் ஒன்று நம்மைச் சிந்திக்க வைக்கிறது. ஓர் உழைப்பாளியின் முதுகின் கட்டமைப்பு ஜூலியாவின் கலைக்கண்ணுக்கு மிகவும் அழகாகத் தோன்றியதாம். அவரைத் தோட்டக்காரராக அமர்த்தும்படி மகனை வற்புறுத்தினாராம். அவ்வீட்டில் தோட்டமே இல்லை. அம்மனிதருக்குத் தோட்டவேலையும் தெரியாது. கேட்பவருக்குச் சிரிப்பு வரும். ஆனால் அம்மனிதரின் பெயர் என்ன? அவர் எந்த ஊரிலிருந்து வந்தார்? அந்நூலை வாசிக்கும் நமக்கு அது தெரிய வழியில்லை.

ஜூலியா இலங்கையில் எடுத்த படங்களில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. தம் பன்னிரண்டு ஆண்டுக் கலைவாழ்வில் ஏறத்தாழ ஆயிரம் படங்கள் எடுத்தவருக்கு இது மிகச் சிறிய தொகை. இரசாயனப் பொருட்களும் தூய நீரும் எளிதில் கிட்டாமையும், வெப்பத்தில் தட்டின் ஈரம் விரைவில் உலர்ந்துவிடுவதும் அதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. அச்சில படங்களிலும் பெரும்பாலானவை எளிய மக்களின் உருவங்கள். தோட்டங்களில் உழைத்த தமிழர்களும் அவர்களுள் உள்ளனர். சேலை தோளில் சரிந்த இளம்பெண், குழந்தைகள் சூழ நிற்கும் குடும்பம், வெற்றுடம்புடன் நிற்கும் ஆடவர். அவர்களது பார்வையில் பணிவும் உண்டு. எளிதில் விளங்காத ஒரு மௌனமும் உண்டு. டார்வினை நோக்கிய அதே கண்கள்தாம் இவர்களையும் நோக்கின. ஆனால் டார்வினுக்குப் பெயர் இருந்தது; பிரெஷ்வோட்டர் பணிப்பெண்ணுக்கும் பெயர் இருந்தது. இவர்களுக்கோ ஒரு பெண், குடியானவர் குழு என்பன போன்ற பொதுத் தலைப்புகளே வாய்த்தன.

அந்த ஆண்டுகள் எத்தகையவை என்பதையும் நினைவுகூர வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் சூறையாடியது. பல இலட்சம் பேர் மடிந்தனர். பசிக்குத் தப்பிக் கடல்கடந்து வந்தோரின் கூட்டம் இலங்கைத் தோட்டங்களை நிறைத்தது. வந்த இடத்திலோ கோப்பி செத்துக்கொண்டிருந்தது. தேயிலை அப்போதுதான் தலையெடுத்துக்கொண்டிருந்தது. ஜூலியாவின் படங்களில் காணும் முகங்கள் அந்தக் காலத்தின் முகங்கள். ஆனால் பஞ்சத்தையும் கங்காணியின் கடன் கணக்கையும் அப்படங்கள் சொல்லவில்லை. கலைஞரின் கண் அழகைக் கண்டது; அவ்வழகின் பின்னிருந்த துயரைக் காணும் இடத்தில் தோட்ட உரிமையாளரின் மனைவி நிற்கவில்லை. இதைக் கூறுவது அவரது கலையை இகழ்வதற்கன்று, முழுமையாக அறிவதற்கே.

1878 இல் ஒருமுறை இங்கிலாந்து சென்று மீண்ட ஜூலியா, டிக்கோயாப் பள்ளத்தாக்கில் உள்ள கிளன்கெய்ர்ன் தோட்டத்தில் சில நாள் நோயுற்றிருந்து 1879 ஜனவரி 26 ஆம் திகதி காலமானார். வெண்ணிற எருதுகள் பூட்டிய வண்டியில் அவரது உடல் மலைப்பாதை வழியே பொகவந்தலாவைக்குக் கொண்டுசெல்லப்பட்டது என்பர். அடுத்த ஆண்டு மே மாதம் சார்ள்ஸ் கமரனும் மறைந்து மனைவியின் அருகே அடக்கமானார். பெருந்தோட்ட யுகத்துக்குச் சட்டத்தால் வாசல் திறந்தவர்களுள் ஒருவர், அத்தோட்டத்தாலேயே செல்வம் தேய்ந்து, அம்மண்ணிலேயே துயில் கொண்டது வரலாற்றின் விந்தை.

அவர்களது கல்லறையில் பெயர் உண்டு. சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் தேயிலைக்கு உரமாகிப்போன நம்மவர்க்கு நடுகல்லும் இல்லை. பெயரற்றோராகப் பதியப்பட்ட மக்களை நாடற்றோராக ஆக்குவது எளிதாயிற்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் மலையக மக்களை ஒரே எழுத்தில் அந்நியராக்கியது. 1964 ஒப்பந்தம் குடும்பங்களைக் கடலின் இருகரையிலும் பிரித்தது. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அந்த அநீதிக்கு முடிவு கட்டப்பட்டது. இன்றும் பிறப்பையும் வதிவையும் நிறுவும் பழைய ஆவணம் ஒன்றின் அருமை என்னவென்று மலையகத்துக் குடும்பங்களைக் கேட்டால் தெரியும்.

எனினும் நாம் முற்றிலும் ஊமையராக இருந்தோம் என்று கொள்வது தவறு. துரு நோய் கண்ட அதே 1869 இல் ஆபிரகாம் ஜோசப் என்பவர் கோப்பிக் கிருஷிக் கும்மியைத் தமிழில் வெளியிட்டார். ஜூலியா இலங்கைக்கு வந்த காலத்தில் கண்டிப் பகுதியில் சிறுவராயிருந்த அருள்வாக்கி அப்துல் காதிர் புலவர், பின்னாளில் கண்டிக் கலம்பகம் பாடித் தமிழுக்கும் இஸ்லாமியருக்கும் பெருமை சேர்த்தார். மடகும்புரத் தோட்டத்தில் 1914 இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தொழிலாளர் வாய்வழிப் பாடல்களைத் திரட்டிக் காத்தார். பிறர் கண்ணுக்கு உருவமாக மட்டும் நின்றவர்கள், இவர்களின் வழியாகத் தம் குரலில் பேசினர்.

மலையக மக்களின் இருநூறு ஆண்டு வரலாறு 2023 இல் நாடெங்கும் நினைவுகூரப்பட்டது. நினைவு ஊர்வலத்தோடு முடிந்துவிடலாகாது. தோட்டப் பாடசாலைகளும், கோவில், பள்ளிவாசல், தேவாலய நிருவாகங்களும் தம்மிடமுள்ள பழைய பதிவேடுகளையும் படங்களையும் பேணிப் படியெடுத்து வைக்கலாம். மூத்தோர் உயிருடன் இருக்கும்போதே படத்தில் உள்ளவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று கேட்டுப் படத்தின் பின்புறத்தில் எழுதி வைக்கலாம். இதற்கு அரசின் அனுமதியோ நிதியோ தேவையில்லை; ஒரு பேனாவும் ஒரு மாலைப்பொழுதும் போதும். ஜூலியா கமரன் நமக்கு விட்டுச்சென்ற முகங்களின் பெயர்களை மீட்பது இனி அரிது. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் முகங்களுக்கும் அக்கதி நேராமல் காப்பது நம் கையிலேயே இருக்கிறது.