தோற்ற சாம்பியனால் மீண்டும் ஜெயிக்க முடியுமா? ஃபிளாய்ட் பேட்டர்சனின் கதை

ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் ஒரு சாம்பியன் தோற்றால் போதும், உடனே எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மறுபோட்டி எப்போ?

பிரிட்டனின் ஆண்டனி ஜோஷுவா 2019 ஜூன் மாதம் ஆண்டி ரூயிஸிடம் தோற்றார். அதே ஆண்டு டிசம்பரில் பட்டத்தைத் திரும்பப் பெற்றார். ஆனால் உக்ரேனின் ஒலெக்சாண்டர் உசிக்கிடம் 2021-இல் தோற்றவர், 2022 மறுபோட்டியிலும் தோற்றார்.

ஒரே ஆள்தான். ஒரு மறுபோட்டியில் வெற்றி, இன்னொன்றில் தோல்வி. ஏன் அப்படி?

இதே கதை சுமார் 60 ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது. அதன் நாயகன் அமெரிக்காவின் ஃபிளாய்ட் பேட்டர்சன். இழந்த ஹெவிவெயிட் உலகப் பட்டத்தை மீண்டும் கைப்பற்றிய முதல் வீரர் அவர்தான்.

யார் இந்த பேட்டர்சன்?

1935-ஆம் ஆண்டு வட கரோலைனாவில் பிறந்தார். குடும்பத்தில் மொத்தம் 11 பிள்ளைகள். சிறு வயதிலேயே குடும்பம் நியூயார்க்கின் புருக்ளினுக்குக் குடிபெயர்ந்தது.

வறுமை. பள்ளிக்கூடம் போகப் பிடிக்காது. சின்னச் சின்னத் திருட்டுகள். யார் கண்ணிலும் படாமல் இருக்க, சுரங்க ரயில் பாதை ஓரத்தில் இருந்த ஓர் இருட்டு மூலையில் போய் ஒளிந்துகொள்வாராம்.

வீட்டில் இருந்த ஒரு புகைப்படத்தில், தன் உருவத்தின் மேலேயே கீறி வைத்த பிள்ளை அவர். அந்த அளவுக்குத் தன்னையே பிடிக்காது.

10 வயதில் அவரை வில்ட்விக் என்ற சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். தண்டனை மாதிரி தெரிந்தது, ஆனால் அதுதான் அவருக்குக் கிடைத்த முதல் மறுவாய்ப்பு. அங்கேதான் படிக்கக் கற்றுக்கொண்டார், குத்துச்சண்டையும் அறிமுகமானது.

பிறகு நியூயார்க்கில் பயிற்றுநர் கஸ் டமாட்டோவிடம் சேர்ந்தார். (பல ஆண்டுகள் கழித்து மைக் டைசனை உருவாக்கியவரும் இதே டமாட்டோதான்.)

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மிடில்வெயிட் பிரிவில் தங்கம். வயது வெறும் 17!

1956-இல் ராக்கி மார்சியானோ தோல்வியே காணாமல் ஓய்வுபெற, ஹெவிவெயிட் பட்டம் காலியானது. அனுபவசாலி ஆர்ச்சி மூரை 5-ஆவது சுற்றில் வீழ்த்தி, 21 வயதில் உலகச் சாம்பியன் ஆனார் பேட்டர்சன். அதுவரை அவ்வளவு இளம் வயதில் யாரும் அந்தப் பட்டத்தை வென்றதில்லை. அந்தச் சாதனையை 1986-இல் முறியடித்தவர் டைசன்.

எப்படித் தோற்றார்?

1959 ஜூன் 26. நியூயார்க்கின் யாங்கி விளையாட்டரங்கம். எதிரே சுவீடனின் இங்கமார் யோஹான்சன்.

யோஹான்சனைப் பெரிதாக யாரும் நினைக்கவில்லை. 1952 ஒலிம்பிக் இறுதிச் சுற்றில், சரியாகச் சண்டை போடவில்லை என்று தகுதிநீக்கம் செய்யப்பட்டவர் அவர். ஆனால் அவரிடம் ஓர் ஆயுதம் இருந்தது, பயங்கரமான வலக்கைக் குத்து.

மூன்றாவது சுற்றில் அந்த வலக்கை பேட்டர்சன் மீது இறங்கியது. எழுந்தார், ஆனால் எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை. எதிரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார். மறுபடியும் விழுந்தார். அந்த ஒரே சுற்றில் மொத்தம் 7 முறை விழுந்தார். நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார்.

அதற்குப் பிறகு வாரக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தார் பேட்டர்சன். அடிபட்ட வலியைவிட, தோற்ற அவமானம்தான் பெரிதாக இருந்தது.

மறுபோட்டி ஏன் உடனே கிடைத்தது?

சாம்பியன் தோற்றால் மறுபடி மோத வாய்ப்பு தர வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்திலேயே இருந்தது. இன்றும் பெரிய போட்டிகளில் இந்த வழக்கம் உண்டு. பட்டத்தைப் பணயம் வைப்பவருக்கு அது ஒரு பாதுகாப்பு.

ஆனால் வரலாறு பேட்டர்சனுக்குச் சாதகமாக இல்லை. ஜாக் டெம்ப்ஸி 1927 மறுபோட்டியில் தோற்றிருந்தார். மாபெரும் வீரர் ஜோ லூயிஸ் ஓய்விலிருந்து திரும்பி வந்தும் பட்டத்தைப் பிடிக்க முடியவில்லை. போன பட்டம் திரும்பி வராது என்பதுதான் அன்றைய பேச்சு.

பேட்டர்சன் என்ன செய்தார்? கனெக்டிகட் மாநிலத்தில் கைவிடப்பட்ட ஒரு கட்டடத்தைப் பயிற்சி முகாம் ஆக்கிக்கொண்டு, மாதக்கணக்கில் ஒதுங்கிப் பயிற்சி எடுத்தார். முதல் சண்டையில் சுமார் 82.5 கிலோவாக இருந்தவர், இப்போது சுமார் 86 கிலோ. யோஹான்சனின் வலக்கையை எப்படிச் சமாளிப்பது என்பதில் கவனம் முழுக்க இருந்தது.

1960 ஜூன் 20. இரண்டாவது சுற்றில் அந்த வலக்கை மறுபடி இறங்கியது. இந்தத் தடவை பேட்டர்சன் விழவில்லை.

ஐந்தாவது சுற்றில் அவருடைய இடக்கைக் குத்து யோஹான்சனைச் சாய்த்தது. மயங்கிக் கிடந்தவரின் கால் துடித்துக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்துப் பதறிப்போன பேட்டர்சன், கொண்டாட்டத்தை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் மண்டியிட்டார்.

1961 மார்ச் மாதம் மூன்றாவது முறை மோதினார்கள். முதல் சுற்றிலேயே பேட்டர்சன் இரண்டு முறை விழுந்தார், யோஹான்சன் ஒரு முறை விழுந்தார். 6-ஆவது சுற்றில் பேட்டர்சனுக்கு நாக்-அவுட் வெற்றி.

அப்போ லிஸ்டனிடம் மட்டும் ஏன் முடியல?

அடுத்து வந்தவர் சன்னி லிஸ்டன். கொள்ளைக் குற்றத்துக்காகச் சிறை சென்றவர். குண்டர் கும்பல்களோடு தொடர்பு உள்ளவர் என்ற பேச்சும் இருந்தது. அவரோடு மோத வேண்டாம் என்றார் டமாட்டோ.

பேட்டர்சன் கேட்கவில்லை. தப்பு செய்தவனுக்கும் இன்னொரு வாய்ப்பு தர வேண்டும் என்று நினைத்தார். வில்ட்விக் பள்ளியில் தனக்குக் கிடைத்ததும் அதுதானே!

ஆனால் உடல் கணக்கு வேறு. லிஸ்டன் சுமார் 97 கிலோ, பேட்டர்சன் சுமார் 86 கிலோ. கைகளை விரித்து அளந்தால் லிஸ்டனுக்கு ஏறக்குறைய 33 சென்டிமீட்டர் கூடுதல்.

1962 செப்டம்பர் 25, சிகாகோ. 2 நிமிடம் 6 விநாடியில் எல்லாம் முடிந்தது.

தோற்றால் யாரும் அடையாளம் காணக்கூடாது என்று, ஒட்டுத்தாடியும் மீசையும் முன்கூட்டியே தயாராக வைத்திருந்தார் பேட்டர்சன். அதைப் போட்டுக்கொண்டுதான் சிகாகோவை விட்டுக் கிளம்பினார். பிறகு ஸ்பெயினின் மட்ரிட் நகருக்குப் போய், அங்கேயும் நொண்டுவதுபோல நடித்துக்கொண்டு நடமாடினார். சுரங்கப் பாதையில் ஒளிந்த அதே சிறுவன்!

1963 ஜூலை 22, லாஸ் வேகஸில் மறுபோட்டி. இந்த முறை 2 நிமிடம் 10 விநாடி. முதல் சண்டையைவிட 4 விநாடிதான் அதிகம் தாங்கினார்.

யோஹான்சனிடம் தோற்றதற்குக் காரணம் ஒரு குத்து. அதற்குப் பயிற்சியில் பதில் தேட முடிந்தது. லிஸ்டனுடைய எடைக்கும் கை நீளத்துக்கும் பயிற்சியில் பதில் கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு, தோல்வி பயத்தையும் கூடவே கொண்டுபோனார்.

அத்தோடு முடிஞ்சுதா?

இல்லை. 1965-இல் முகமது அலியோடு மோதினார். அலியை அவருடைய புதிய பெயரால் அழைக்க பேட்டர்சன் மறுத்திருந்தார். முதுகு வலியோடு போராடியவரை 12-ஆவது சுற்று வரை வாட்டி எடுத்தார் அலி.

1968-இல் ஸ்டாக்ஹோமில் ஜிம்மி எல்லிஸிடம் 15 சுற்று ஆடித் தோற்றார். அந்தத் தீர்ப்பு சர்ச்சைக்குரியது. 1972-இல் மறுபடியும் அலி, மறுபடியும் தோல்வி. அதுவே கடைசிச் சண்டை.

மொத்தம் 64 சண்டைகள்: 55 வெற்றி, 8 தோல்வி, 1 சமநிலை. ஆனால் மூன்றாவது முறையாகப் பட்டம் வெல்லும் கனவு மட்டும் நிறைவேறவில்லை.

பிறகு என்ன ஆனார்?

நியூ பால்ட்ஸ் என்ற சிற்றூரில் குடியேறி, பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்தார். அங்கே பயிற்சிக்கு வந்த ஒரு பையனைத் தத்தெடுத்தார். அந்தப் பையன் டிரேசி 1992-இல் உலகச் சாம்பியன் ஆனார்.

7 முறை தன்னை வீழ்த்திய யோஹான்சனோடு நெருங்கிய நண்பரானார். கடல் கடந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். சேர்ந்து மாரத்தானும் ஓடினார்கள்.

1995-இல் நியூயார்க் மாநில விளையாட்டு ஆணையத்தின் தலைவரானார். 1998-இல் ஒரு வழக்கு தொடர்பாகச் சாட்சியம் சொன்னபோது, யாரை வென்று முதலில் சாம்பியன் ஆனோம் என்பதையே அவரால் நினைவுகூர முடியவில்லை. பதவி விலகினார். அல்ஸைமர் நோய் அவரைப் பிடித்திருந்தது.

2006 மே 11-ஆம் தேதி, 71 வயதில் காலமானார். யோஹான்சனும் மறதிநோயால் பாதிக்கப்பட்டு 2009-இல் இறந்தார்.

அடுத்த முறை ஒரு சாம்பியன் விழுந்து, மறுபோட்டி அறிவிப்பு வந்தால் பேட்டர்சனை நினைத்துப் பாருங்கள். ஜெயிப்பாரா என்று கேட்பதற்கு முன், போன தடவை எதனால் தோற்றார், அதில் எதை மாற்ற முடியும் என்று கேளுங்கள். கூடவே, மீண்டும் மீண்டும் மேடை ஏறுகிறவர்கள் தலையில் வாங்கும் அடிக்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதையும்.