இரண்டாம் இடத்துக்கு அழைக்கப்பட்ட கிரி

புது தில்லி: அமெரிக்காவில் அதிபர் பதவிக்குப் போட்டியிடுபவரே தமது துணை அதிபர் வேட்பாளரையும் தேர்ந்தெடுக்கிறார். இருவரும் ஒரே அணியாக மக்கள் முன் நிற்பர். இந்திய அரசமைப்புச் சட்டத்தில் அத்தகைய ஏற்பாடு இல்லை. குடியரசுத் தலைவரை நாடாளுமன்ற உறுப்பினர்களும் சட்டப்பேரவை உறுப்பினர்களும், துணைத் தலைவரை நாடாளுமன்ற உறுப்பினர்கள் மட்டுமே தேர்ந்தெடுக்கின்றனர். ஆயினும், ஆளும் கட்சிகள் இவ்விரு பதவிகளையும் ஜோடியாகவே எடைபோட்டு வந்துள்ளன. அந்தக் கணக்கில் இரண்டாம் இடத்துக்கு அழைக்கப்பட்டு, முதலிடம் மறுக்கப்பட்டபோது அதைத் தாமே போராடிப் பெற்றவர் வராககிரி வேங்கட கிரி.

அன்றைய சென்னை மாகாணத்தின் கஞ்சம் மாவட்டத்தைச் சேர்ந்த, இன்று ஒடிசாவில் உள்ள பெர்ஹாம்பூரில் 1894 ஆகஸ்ட் 10-ல் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார் கிரி. 1913-ல் சட்டம் பயில டப்ளின் சென்றவர் அங்கு ஐரிஷ் விடுதலை இயக்கத்தின்பால் ஈர்க்கப்பட்டார். 1916 ஈஸ்டர் எழுச்சியைத் தொடர்ந்து காவல் துறையின் சந்தேகம் அவர் மீதும் விழ, அந்த ஆண்டே தாயகம் திரும்பினார். வழக்கறிஞர் தொழிலைவிட ரயில்வே தொழிலாளர்களே அவரைப் பெரிதும் ஈர்த்தனர். அகில இந்திய ரயில்வே தொழிலாளர் சம்மேளனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான அவர், ஏஐடியூசி தலைவராகவும் இருமுறை இருந்தார். மாகாணத் தேர்தலில் பொப்பிலி ராஜாவை அவரது கோட்டையிலேயே வீழ்த்தி, 1937-ல் ராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர் துறையை ஏற்றார். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றார்.

1952-ல் நேரு அமைச்சரவையிலும் தொழிலாளர் துறையே அவருக்குக் கிடைத்தது. 1954-ல் வங்கி ஊழியர் தகராறில் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அளித்த தீர்ப்பை மத்திய அரசு திருத்தியது. தொழிலாளர்களுக்குச் சாதகமான தீர்ப்பை அரசே குறைப்பதை ஏற்க இயலாத கிரி பதவி விலகினார். கொள்கைக்காக அமைச்சர் பதவியைத் துறப்பவர்கள் அக்காலத்திலும் அரிதே. 1957 தேர்தலில் தோற்ற பின், உத்தரப் பிரதேசம், கேரளம், மைசூர் என ஆளுநர் மாளிகைகளில் பத்தாண்டுகள் கழிந்தன. அரசியலில் அவர் கதை முடிந்ததாகவே பலரும் கருதியிருப்பர்.

1967 பொதுத் தேர்தலில் பல மாநிலங்களை இழந்த காங்கிரஸுக்குக் குடியரசுத் தலைவர் தேர்தல் முதன்முறையாக உண்மையான போட்டியாயிற்று. எதிர்க்கட்சிகள் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பதவியைத் துறந்த கே. சுப்பா ராவை நிறுத்தின. ராதாகிருஷ்ணன் நீடிக்க வேண்டும் என்பது காமராஜரின் எண்ணம். துணைத் தலைவராக இருந்த ஜாகிர் உசேனை உயர்த்த வேண்டும் என்பது இந்திராவின் உறுதி. இந்திராவே வென்றார். வடக்கைச் சேர்ந்த கல்வியாளருக்குத் துணையாகத் தெற்கைச் சேர்ந்த தொழிற்சங்கத் தலைவர் என்ற கணக்கில் மைசூர் ஆளுநர் கிரி அழைக்கப்பட்டார். முகமது ஹபீபை 483-க்கு 193 என்ற வாக்குகளில் வென்று துணைத் தலைவரானார்.

1969 மே 3-ல் ஜாகிர் உசேன் பதவியிலேயே மறைந்தார். கிரி குடியரசுத் தலைவர் பொறுப்பை ஏற்றார். முந்தைய துணைத் தலைவர்கள் ராதாகிருஷ்ணனும் ஜாகிர் உசேனும் முதலிடத்துக்கு உயர்த்தப்பட்டதால், தமக்கும் அந்த மரபு பொருந்தும் என அவர் எதிர்பார்த்ததில் தவறில்லை. ஆனால், ஜூலையில் பெங்களூரில் கூடிய காங்கிரஸ் ஆட்சிமன்றக் குழு, பிரதமரின் விருப்பத்தையும் மீறி, மக்களவைத் தலைவர் சஞ்சீவ ரெட்டியைத் தேர்ந்தெடுத்தது. ரெட்டிக்கு ஆதரவாக நின்றவர்களில் காமராஜரும் ஒருவர். கிரி சுயேச்சையாகக் களமிறங்குவதாக அறிவித்தார்.

ஜூலை 19-ல் 14 பெரிய வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டார் கிரி. வங்கி ஊழியர்களுக்காக ஒருமுறை பதவி துறந்தவரின் கையெழுத்து அது. மறுநாள் பதவி விலகினார். துணைத் தலைவர் தமது விலகலைக் குடியரசுத் தலைவருக்கே எழுத வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டம். அந்தப் பொறுப்பிலும் அவரே இருந்தார் என்பது விசித்திரம்! தலைமை நீதிபதி ஹிதயதுல்லா பொறுப்பேற்றார்.

சொந்தக் கட்சி வேட்பாளருக்குக் கொறடா உத்தரவு பிறப்பிக்க மறுத்த இந்திரா, மனசாட்சிப்படி வாக்களிக்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டார். கட்சித் தலைவர் நிஜலிங்கப்பாவோ, இரண்டாவது விருப்ப வாக்குகளுக்காக ஜனசங்கத்துடனும் சுதந்திரா கட்சியுடனும் பேசியிருந்தார். அவ்விரு கட்சிகளின் வேட்பாளர் சி.டி. தேஷ்முக். இடதுசாரிகளும் திமுகவும் அகாலி தளமும் கிரியின் பின்னால் நின்றன. முதல் எண்ணிக்கையில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769 என வாக்கு மதிப்பு அமைந்தது. வெற்றிக்குத் தேவையான 4,18,169-ஐ எவரும் எட்டவில்லை. இரண்டாவது விருப்ப வாக்குகளும் எண்ணப்பட்ட பின்னரே கிரி 4,20,077, ரெட்டி 4,05,427 என முடிவு தெரிந்தது. அந்த நவம்பரில் காங்கிரஸ் பிளந்தது.

வெற்றியை எதிர்த்த வழக்கில் 1970-ல் உச்ச நீதிமன்றத்தில் கிரி நேரில் சாட்சியம் அளித்தார், மனு தள்ளுபடியானது. ஆனால், 1954-ல் அரசை எதிர்த்துப் பதவி துறந்த கிரியைக் குடியரசுத் தலைவர் மாளிகையில் காண முடியவில்லை. மன்னர்களின் அங்கீகாரத்தை நீக்கும் மசோதா மாநிலங்களவையில் தோற்றதும் அதையே உத்தரவாக்கிக் கையெழுத்திட்டார்; 1970 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1973-ல் மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ராய் தலைமை நீதிபதியானதும் அவர் காலத்தில்தான். இந்திராவின் துணையால் வென்றவர் இந்திராவுக்கு மறுப்புச் சொல்லவில்லை என்ற விமர்சனத்துக்கு இவை வலுச் சேர்த்தன.

1974-ல் கிரிக்கு மறுவாய்ப்பும் துணைத் தலைவர் ஜி.எஸ். பாடக்குக்குப் பதவி உயர்வும் கிட்டவில்லை. மத்திய அமைச்சர் பக்ருதீன் அலி அகமது தேர்ந்தெடுக்கப்பட்டார். 1975-ல் பாரத ரத்னா பெற்ற கிரி, 1980 ஜூன் 24-ல் சென்னையில் காலமானார். அப்போது குடியரசுத் தலைவராக இருந்தவர், 1977-ல் போட்டியின்றித் தேர்வான சஞ்சீவ ரெட்டி.