சர் சி. வி. இராமனும் நீரிலுள்ள துகளும்

சர் சி. வி. இராமனை அறியாதார் நம்மில் எவருமிலர். 1888 நவம்பர் 7-ஆம் நாள் திருச்சியை அடுத்த திருவானைக்காவில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1907-இல் எம்.ஏ. பட்டம் பெற்றபோது வயது பதினெட்டுதான். அவ்வாண்டே கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியானார். பகலில் அலுவலகம், காலையும் மாலையும் பவுபஜார் தெரு ஆய்வுக்கூடம் என்று பத்தாண்டுகள் ஓடின. 1917-இல் அவ்வேலையை உதறி, குறைந்த சம்பளத்தில் பேராசிரியரானார். அவர் தந்தையாரும் கல்லூரி ஆசிரியரே. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த என் போன்றோருக்கு இச்செய்தி எளிதில் செரிக்காது. அரசு உத்தியோகத்தை விடுவதென்றால் சும்மாவா!

1921-இல் இங்கிலாந்து சென்று 'நர்குண்டா' கப்பலில் திரும்புகையில், கடல் ஏன் நீலம் என்ற ஐயம் அவரைப் பற்றிக்கொண்டது. வானத்தின் பிரதிபலிப்பே அது என்று கூறியிருந்தார் ராலே பிரபு. இராமன் கையோடு வைத்திருந்த சிறு நிகோல் பட்டகத்தால் அப்பிரதிபலிப்பை விலக்கிப் பார்த்தார். நீலம் மறையவில்லை, மிகுந்தது! நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று நிறுவினார். ஆனால் திரவத்தில் சிறிது தூசியிருந்தாலும் அதன் சிதறல் மூலக்கூறின் சிதறலை மூழ்கடித்துவிடும். ஆகவே அவர் மாணவர் கே. எஸ். கிருஷ்ணன், நம் வத்திராயிருப்புக்காரர், திரவங்களை வெற்றிடத்தில் மெல்ல மெல்லக் காய்ச்சி வடித்தார். அவ்வுழைப்பின் வழியே வந்தவை 1928 பிப்ரவரி 28-இல் கண்ட இராமன் விளைவும், 1930-இன் நோபல் பரிசும்.

அவர்கள் விலக்கிய துகளையே இன்று பலர் தேடுகின்றனர். துர்நாற்றம் தடுக்கும் காலுறைகளிலும் புண்கட்டுகளிலும் 100 நானோமீட்டருக்கும் சிறிய வெள்ளித் துகள்களைச் சேர்க்கின்றனர். துவைத்த நீரோடு அவை ஓடைக்கும் சென்று சேரக்கூடும். மழைக்காலத்தில் வெலிங்டன் ஓடையில் ஒரு குவளை நீர் மொண்டு ஒளியைப் பாய்ச்சினால் செம்மண்ணும் சிதறடிக்கும், வெள்ளியும் சிதறடிக்கும்; எது எதுவெனப் பிரித்தறிவது கடினம். ஆதலால் நீரைத் தூவலாக்கி, பல ஆயிரம் டிகிரி வெப்பமுள்ள ஆர்கான் பிளாஸ்மாவில் செலுத்தி, நிறைமாலைமானியால் அளக்கின்றனர். கரைந்த வெள்ளி சீரான பின்னணியாகத் தெரியும். துகளோ ஒவ்வொன்றும் தனித் துடிப்பாகத் தெறிக்கும். துடிப்புகளை எண்ணினால் துகள்களின் எண்ணிக்கை. துடிப்பின் அளவிலிருந்து துகளின் நிறை.

இராமன் 1970 நவம்பர் 21-இல் பெங்களூரில் மறைந்தார். நான்காண்டுகள் கழித்து, இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில், சொரசொரப்பான வெள்ளிப் பரப்பில் ஒட்டிய மூலக்கூறுகள் வியக்கத்தக்க வலுவோடு இராமன் சிதறல் தந்தன. வெள்ளி நானோ துகளும் அவ்வாறே செய்யும். எனவே நீரிலுள்ள வெள்ளித் துகளில் தக்கதொரு வேதிப்பொருளை ஒட்டவிட்டு, அப்பொருளின் இராமன் நிறமாலையைக் கொண்டே துகளைக் கண்டுபிடிக்கும் முறையும் இப்போது வந்துள்ளது.